பத்து அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு மீன்

பதினைந்து வயது, முந்நூற்று அறுபத்து நான்கு நாள். சரியாக அந்த வயதில் ஒரு பெண்ணைக் கற்பனையாக உருவாக்கி, அவளுக்கு ட்ரவுட் மீன் பிடிக்க லைசன்ஸ் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

ஹைதராபாத் மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி. அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்துக்காக ஓர் இணையதளம் செய்துகொண்டிருந்தோம். அங்கே பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களும் லைசன்ஸ் வாங்கியாக வேண்டும். கடைக்கு அலையாமல் வீட்டிலிருந்தே வாங்கி அச்செடுத்துக்கொள்ள நாங்கள் வழி செய்துகொண்டிருந்தோம். என் வேலை சோதிப்பது. பதினாறு வயது நிறையாதவருக்கு லைசன்ஸ் தேவையில்லை என்பது அந்த ஊர் விதி. என் கற்பனைப் பெண்ணுக்கு இன்னும் ஒரு நாள் பாக்கி. 'உனக்குத் தேவையில்லை' என்று திரை சொன்னது. பாஸ் என்று குறித்தேன். பிறகு அவளுக்கு ஒரு நாள் வயதைக் கூட்டினேன். மதியச் சாப்பாட்டுக்குள் அப்படி நாற்பது லைசன்ஸ் வாங்கியிருந்தேன். கிழவராக, வெளிமாநிலத்தவராக, பட்டாளத்துக்காரராக. நாற்பதாவதை அச்செடுத்துக் கையில் பிடித்தபோது உறைத்தது. நான் ட்ரவுட்டைப் பார்த்ததே இல்லை.

நாற்காலியைத் திருப்பி, பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் கேட்டேன். "ஏய், நீ ட்ரவுட் பாத்திருக்கியா?"

"ஹவ், பாத்திருக்கேனே. நம்ம சைட்டுல மேல ஓரமா இருக்குல்ல, அந்தப் படம். நான்தான் போட்டேன்."

"அது ட்ரவுட்டா?"

"மீன்."

அவள்தான் அந்த இணையதளத்தில் பாதியை எழுதியவள். அவள் எழுதுவாள், நான் குற்றம் கண்டுபிடிப்பேன். அப்படிச் சண்டையில் தொடங்கிய சிநேகிதம். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்தராபாத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம் அவளுடையது. வீடு குஷாய்குடாவில். அப்பா அங்கே எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், அளவு பிசகாமல் கருவிகள் செய்யும் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவளுக்குத் தமிழ் பேச வரும், பாதி தெலுங்கும் பாதி தக்கனியுமாக. படிக்க வராது. நான் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்து சைனிக்புரியில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். இருவருக்கும் ஒரே ஆபீஸ் பஸ். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். அந்த மூன்று மணி நேரத்தில் எத்தனை திட்டம் போட்டோம் என்று கணக்கே இல்லை. யோகா, வீணை, கோல்கொண்டா ஏறுவது. ஒன்றும் நடந்ததில்லை.

ஆனால் அந்த வருஷம் ஒரு கெடு இருந்தது. ஜூனில் அவள் அமெரிக்காவுக்கு ஆன்சைட் போகிறாள். போனால் மூன்று வருஷம், அதற்கு மேலும் ஆகலாம். சேர்ந்து ஒரு காரியத்தையாவது முழுசாகச் செய்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. இல்லாவிட்டால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியாக மட்டும் மிஞ்சிவிடுவேன் என்ற பயம். அதை அவளிடம் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் பஸ்ஸில், "ஒரு மீன். உன் கையால. லைசன்ஸோட, விதிப்படி. நீ போறதுக்குள்ள," என்று மட்டும் சொன்னேன்.

"கைக்கு டி? எதுக்கு இப்ப? அங்க போனா ஆத்துலயே இருக்கும்."

"அங்க நான் இருக்க மாட்டேன்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பேகம்பேட் மேம்பாலம் தாண்டும்போது, "சரி, எங்க கிடைக்கும்?" என்றாள்.

தேடிப் பார்த்தால் நீலகிரியில். எனக்குச் சிரிப்பாகவும் வெட்கமாகவும் இருந்தது. அந்த மலையின் அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். மேலே ட்ரவுட் இருப்பதை அமெரிக்கக்காரர்களின் இணையதளம் வந்து எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மலையிலிருந்த மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போன் செய்து பேசினேன். பத்து நாளில் விதிகள் அடித்த ஒற்றைத் தாள் தபாலில் வந்தது. தமிழில் இருந்ததால் பஸ்ஸில் நான் வாசிக்க, அவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

ஒரு தூண்டிலுக்கு ஒரு லைசன்ஸ். லைசன்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவரைத் தவிர வேறு யாரும் தூண்டிலைத் தொடக் கூடாது. புழுவோ மாவோ கூடாது, இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய் ஈ மட்டும். ஓடையில் நட்டிருக்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவில்தான் போட வேண்டும். ஆறு மீனுக்கு மேல் கூடாது. மூக்கிலிருந்து வால் நுனிவரை பத்து அங்குலத்துக்குக் குறைந்ததை, கையை நனைத்துக்கொண்டு பிடித்து உயிரோடு திரும்ப விட வேண்டும். கிளம்பும்போது, பிடித்ததை லைசன்ஸின் பின்பக்கம் எழுதிக் காவலரிடம் காட்ட வேண்டும்.

"ஏழே விதியா?" என்றாள். "இதுக்கு நான் ரெண்டே நாள்ல கோட் எழுதிடுவேன்."

"நான் மூணாவது நாள் உடைச்சிடுவேன்."

எங்களிடம் இருந்தது ஒரே தூண்டில். ஆன்சைட்டிலிருந்து திரும்பிய ஒருவர், எல்லோரும் சாக்லேட் கொண்டுவந்தபோது எங்களுக்காக அதைக் கொண்டுவந்திருந்தார். அதனால் லைசன்ஸும் ஒன்றே, அவள் பெயரில். தொட முடியாத எனக்கு அளக்கும் வேலை. அளக்க எங்கள் தளத்திலேயே ஓர் அளவுகோல் இருந்தது. லைசன்ஸ் அச்செடுத்தால் தாளின் நீண்ட ஓரத்தில் அங்குலக் கோடுகள் வரும், வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அவள் எழுதியது, நான் பாஸ் போட்டது. ஆபீஸ் பிரிண்டரில் அச்செடுத்து, குஷாய்குடா ஜெராக்ஸ் கடையில் லேமினேட் செய்து, அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவள் அப்பா அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "டூல் ரூம்காரன் வீட்டுல பேப்பர் ஸ்கேலா? என் ஸ்டீல் ஸ்கேலை எடுத்துட்டுப் போங்கம்மா."

"நக்கோ டாடி. தண்ணில துரு பிடிக்கும்."

"அது ஸ்டெயின்லெஸ்ஸு."

"இது நம்ம சொந்த கோட்ல வந்தது," என்றாள் அவள். எனக்கும் அந்தப் பெருமை இருந்தது. ஸ்டீல் ஸ்கேல் மேசை டிராயருக்கே திரும்பிப் போனது.

ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் சைனிக்புரி மைதானத்தில் பழகினோம். நடுவில் தண்ணீர் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் டப்பு, அதுதான் ஓடை. முப்பதடி தள்ளி நின்று, பொய் ஈ டப்புக்குள் விழும்படி அவள் வீச வேண்டும். மைதானத்தைச் சுற்றி நடக்கும் பழைய பட்டாளத்துக்காரர்கள் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டார்கள். "என்ன மகளே, டப்பு மாட்டுச்சா?" ஒருநாள் உண்மையாகவே மாட்டியது. அவள் டப்பை இழுத்துக்கொண்டே போக, அந்தச் சுற்றில் இருந்த நால்வரும் நின்று கைதட்டினார்கள். அந்த மாசி பங்குனிக் காலைகளை நினைத்தால் எனக்கு இப்போதும் புல்வாசம் வருகிறது, வெயில் ஏறுவதற்கு முந்தைய அந்தக் கொஞ்ச நேர வாசம்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை செகந்தராபாத்தில் ரயிலேறினோம். ஞாயிறு காலை ஆறரைக்கு ஓடைக்கரையில் இருந்தோம். சட்டைப்பையில் லைசன்ஸ், அவள் பெயரில், முத்திரையோடு. காவலர், தலையில் கம்பளித் தொப்பி போட்ட நடுவயதுக்காரர், கம்பங்களைக் காட்டிவிட்டு, "நான் மேல பாலத்துகிட்ட இருப்பேன். முடிச்சுட்டு வந்து காட்டுங்க," என்று போய்விட்டார்.

மதியம்வரை ஒன்றுமில்லை. பொய் ஈ புதரில் மாட்டியது, பாறையில் மாட்டியது, என் ஸ்வெட்டரில் மாட்டியது. தொடக் கூடாது என்பதால் என் முதுகிலிருந்து அவளே வந்து கழற்றினாள். நான்கு மணிக்கு ரயிலுக்குக் கிளம்பியாக வேண்டும். இரண்டரைக்கு நூல் திடீரென்று விறைத்தது.

அவள் கத்தவில்லை. "அரே, அரே, அரே," என்று தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே பின்வாங்கினாள். வலையில் ஏந்தியபோது முதன்முறையாகப் பார்த்தேன். பச்சையும் பழுப்புமான முதுகு, மிளகைத் தூவியதுபோலப் புள்ளிகள், விலாவில் ஒரு ரோஜா நிறக் கோடு. நாங்கள் தளத்தில் போட்ட படத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

"அள, சீக்கிரம் அள," என்றாள்.

கையை நனைத்து, ஈரப் புல்லில் படுக்க வைத்து அளவுகோலை வைத்தேன். வால் நுனி பத்தைத் தொட்டு, ஒரு மயிரிழை தாண்டியிருந்தது. இரண்டாம் முறையும் பார்த்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். ரயிலுக்குக் கிளம்ப ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

"பாஸ்," என்றேன்.

வைத்துக்கொள்ளும் மீனைத் துடிக்க விடாமல் உடனே கொல்ல வேண்டும் என்று எங்கள் தளத்தின் உதவிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. எழுத்துப்பிழை பார்க்க அதை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். அவள் ஒரு கல்லை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை, திறந்துகொண்டு ஒருமுறை.

பாலத்தருகே காவலர் மீனை ஒரு மரக்கட்டையில் வைத்தார். கட்டையில் ஓர் ஆழமான கீறல், அதுதான் பத்து அங்குலம். வால் கீறலுக்கு இந்தப் பக்கமே நின்றது. கால் அங்குலம் இருக்கும். நான் எங்கள் அளவுகோலை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எந்த ஊரும்மா நீங்க?"

"ஹைதராபாத்."

"ஹைதராபாத்துல ஒரு அடிக்கு எத்தனை அங்குலம்?"

அவர் லைசன்ஸைக் கேட்டு வாங்கினார்.

"அளந்தது நானுங்க," என்றேன். "தப்பு என்னோடது. என் பேரை எழுதிக்கோங்க."

"நீங்க யாரு? இதுல உங்க பேரே இல்லையே." கோபமாகச் சொல்லவில்லை, விளக்கித்தான் சொன்னார். "யார் பேர்ல லைசன்ஸோ அவங்க கணக்குலதாம்மா மீனு." பின்பக்கம் சிவப்பு மையில் எழுதினார். 'ஒன்று. அளவு குறைவு. வைத்துக்கொள்ளப்பட்டது.' மீனை அவரே எடுத்துக்கொண்டார். இந்தப் பருவத்தில் அவளுக்கு இனி லைசன்ஸ் கிடையாது என்றார்.

இறங்கும் பஸ்ஸில் அவள், "என்ன எழுதியிருக்கு, படி," என்றாள். படித்தேன். வேறு மாதிரி படித்திருக்கலாம், அவளுக்குத் தெரிந்திருக்காது. அப்படியே படித்தேன். "உயிரோட விட்டிருந்தா இன்னும் வளந்திருக்கும்ல," என்றாள்.

காரணத்தை அவள் அப்பா ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்தார். ஸ்டீல் ஸ்கேலை எடுத்து எங்கள் ஸ்கேலின் பக்கத்தில் வைத்தார். "பத்துன்னு போட்டிருக்கு. ஒன்பதே முக்கால்கூட வரலையேம்மா." அமெரிக்கக்காரர்களின் தாள் எங்கள் ஏ-ஃபோர் தாளைவிட அகலம். அந்த அகலத்துக்குச் செய்த பக்கத்தை ஆபீஸ் பிரிண்டர் இந்தத் தாளுக்குள் அடக்கச் சற்றே சுருக்கியிருக்கிறது. அங்குலமும் சேர்ந்து சுருங்கிவிட்டது. கோடுகள் அச்சாகின்றனவா என்று மட்டும் பார்த்துப் பாஸ் போட்டவள் நான். ஒரு நிஜ ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

"ஸ்டெயின்லெஸ்ஸுன்னு சொன்னேன்," என்றார்.

செவ்வாய்க்கிழமை ஆபீஸில் அதை ஒரு குறையாகப் பதிவு செய்தேன், நானே பாஸ் போட்ட சோதனையின்மேல். சாயங்காலமே அவள் அந்தப் பதிவை மூடிவிட்டாள். "அந்த ஊர்ல அந்த ஊர்த் தாள்தானே டி. சரியாத்தான் வரும். இது பக் இல்ல." வாதம் சரிதான். ஆனால் அன்று பஸ்ஸில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்தாள். அடுத்த இரண்டு வாரமும் வேலை, விசா, பெட்டி என்று ஓடிவிட்டது. விமான நிலையத்தில் அவள் அப்பாவுக்குப் பின்னால் நின்று கையசைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, அவள் அங்கிருந்து அனுப்பிய புதிய பதிப்பைச் சோதிக்க உட்கார்ந்தேன். லைசன்ஸின் அச்சுப் பக்கத்தில், அளவுகோலின் பக்கத்தில், புதிதாக ஒரு வட்டம். கீழே ஒரு வரி: 'அளக்கும் முன் இந்த வட்டத்தின்மேல் கால் டாலர் நாணயத்தை வையுங்கள். சரியாகப் பொருந்தாவிட்டால் இந்த ஸ்கேலை நம்பாதீர்கள்.' யாரும் கேட்காத மாற்றம் அது. மாற்றக் குறிப்பில், நான் பதிவு செய்து அவள் மூடிய அந்தக் குறையின் எண்ணைப் போட்டிருந்தாள். மறுவாரம் தபாலில் ஒரு கால் டாலர் நாணயம் வந்தது, கடிதம் எதுவுமில்லாமல். நான் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பாஸ் போட்டேன்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம் ஓடிவிட்டது. அந்தத் தளத்தை வேறு யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். நான் ஆபீஸ் மாறிவிட்டேன், சைனிக்புரியை விடவில்லை. அந்த நாணயம் என் பர்ஸில் இருக்கிறது. சிவப்பு மை லைசன்ஸ் என்னிடம்தான். போகும்போது அவள் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

போன வாரம் போன் செய்தாள். வருகிற ஏப்ரலில் ஒரு மாத லீவில் வருகிறாளாம். அங்கே பக்கத்திலேயே ட்ரவுட் ஓடையாம். "ஒரு தடவைகூட போகல டி," என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. மலைக்குப் போன் செய்து புதிய விண்ணப்பத் தாள் வரவழைத்துவிட்டேன். இப்போது விதி எட்டாகியிருக்கிறது, விடும் மீனுக்குக் காயம் படாமலிருக்க, தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கிய கூர் இருக்கக் கூடாதாம்.

இந்த முறை லைசன்ஸ் என் பெயரில். தூண்டில் என் கையில் இருக்கும், அவள் தொடக் கூடாது. அளக்கப்போவது அவள். குறையோ நிறையோ, அவள் சொல்வது என் பெயரில் ஏறட்டும். நேற்று குஷாய்குடா போய் அவள் அப்பாவிடம் ஸ்டீல் ஸ்கேலைக் கேட்டேன். டிராயரிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். "துரு பிடிக்கும்னு சொல்லுவாளே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு ஒரு டப்பு வாங்க வேண்டும். நான் இதுவரை ஒருமுறைகூட வீசியதில்லை.