சாவடியில் அறுத்த விரால்

இன்னாசிமுத்து முதன்முதலில் மீன் பிடித்தது பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குக் கீழே ஓடிய ஓடையில். குண்டூசியை நெருப்பில் காட்டி வளைத்து, தைக்கிற நூலில் கட்டி, மண்புழுவைக் கோத்துப் போட்டார். விரலளவு கெண்டை ஒன்று வந்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பிறகு அவரை விடவேயில்லை.

எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குத் தீ வைத்தார்கள். குடும்பம் உடுத்த துணியோடு வடக்கே வந்து, பெரியமடுப் பக்கம் காட்டோரத்தில் குடிசை போட்டது. ஊர் புதிது. வயல் வேலை புதிது. அங்கத்தைய பேச்சுக்கூட முதலில் பிடிபடவில்லை. குளம் மட்டும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. விடியலில் எந்தக் கரையில் விரால் மூச்சு விட மேலே வரும், மழைக்குப் பிறகு கெளுத்தி எந்த வாய்க்காலில் ஏறும் என்பதெல்லாம் ஒரு வருடத்துக்குள் அத்துபடி. கூலி வேலை இல்லாத நாளிலும் வீட்டில் குழம்பு இருந்தது.

மூங்கில் தடியும் மயிலிறகுக் காம்பில் செய்த மிதப்பும் அவருக்கு இலவசமாகக் கிடைத்தன. தங்கூசி என்கிற நைலோன் நூலையும் தூண்டில் முள்ளையும் மன்னார்க் கடையில் வாங்குவார். சண்டை மூண்டு, மன்னார்த் தீவு ஆமியிடமும் பெரியமடுப் பக்கம் போராளி இயக்கத்திடமும் என்று பிரிந்த பிறகு அந்தக் கடைக்குப் போய்வருவதே பெரும்பாடாயிற்று. சைக்கிள் கம்பியைத் தேய்த்து முள் வளைத்தார். பழுதான பற்றறியின் ஈயத் தகடுகளைத் தகரப்பேணியில் உருக்கி, களிமண்ணில் குழி குத்தி ஊற்றி, தூண்டில் நூலை அமிழ்த்தப் புளியங்கொட்டை அளவில் உருண்டைகள் செய்துகொண்டார். கடைச் சாமானைவிட அவை கோணல்மாணலாக இருந்தாலும் தண்ணீருக்குள் ஒழுங்காகவே இறங்கின.

மனைவி திரேசம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே தவறியிருந்தன. மூன்றாவது முறை வலி கண்டபோது மருத்துவிச்சி தொட்டுப் பார்த்துவிட்டு, இது தன் கையில் இல்லை என்று சொல்லிவிட்டாள். செஞ்சிலுவை வாகனம் அவளைத் தீவில் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிற்று. கூடப் போக, ஆமியின் சாவடியைத் தாண்டுவதற்கான பாஸ் இன்னாசிமுத்துவிடம் இல்லை. பாஸ் கைக்கு வந்த அன்றே அந்த வாகனத்தின் சாரதி செய்தியும் கொண்டுவந்தார்.

"ஒப்பரேசன் செய்துதான் எடுத்தவை. பொம்பிளைப் பிள்ளை, சுகமாய் இருக்கு. தாய்க்குத்தான் காயம் ஆறவேணுமாம். விரால் கிடைச்சால் அவிச்சுக் குடுக்கச் சொல்லி நேர்ஸ் சொன்னவா."

விரால் இல்லாமல் போவதில்லை என்று இன்னாசிமுத்து முடிவு செய்தார். அடுத்த நாள் விடியும்போதே குளத்தில் நின்றார். உயிர்த் தவளையைக் கோத்து கரையோர நாணல் பற்றைக்குள் விட்டார். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு விரால் தவளையையும் முள்ளையும் ஈயத்தையும் சேர்த்து ஒரேயடியாக விழுங்கியது. முழங்கை நீளம். முள்ளைப் பிடுங்கினால் மீன் செத்துவிடும். விராலை உயிரோடு கொண்டு போனால்தான் மருந்து. அதனால் நூலை வாயோடு அறுத்துவிட்டு, மீனை ஈரச்சாக்கில் சுற்றினார். தெருவில் சாவடிக்கு ஆட்களை ஏற்றிப் போகும் உழவு இயந்திரம் புறப்படும் சத்தம் கேட்டது. தூண்டில் பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஓடிப்போய் ஏறினார்.

ஆமியின் சாவடியில் நீண்ட வரிசை. அவருடைய முறை வந்தபோது ஓர் இளம் சிப்பாய் பையை மேசையில் கொட்டினான். சைக்கிள் கம்பித் துண்டு, நூல் சுற்றிய தடி, அத்தோடு கைநிறைய ஈய உருண்டைகள்.

"மே மொனவாத?" என்று கேட்டான். இதெல்லாம் என்ன என்று அர்த்தம். தோட்டத்தில் வளர்ந்த இன்னாசிமுத்துவுக்குச் சிங்களம் நன்றாக வரும். ஆனால் துப்பாக்கியைப் பார்த்த பதற்றத்தில் வாயிலிருந்து விழுந்தது தமிழ்.

"ஈயக்குண்டு, ஐயா."

அந்தச் சிப்பாய்க்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களில் குண்டும் ஒன்று. அவன் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தான். வரிசை கலைந்தது. இன்னாசிமுத்துவைக் குப்புறக் கிடத்தி முதுகில் சப்பாத்துக் காலை வைத்தார்கள். அவர் சிங்களத்தில் விளக்கம் சொல்லத் தொடங்க, நிலைமை இன்னும் மோசமாயிற்று.

"இவ்வளவு நல்ல சிங்களம் உனக்கு யார் பழக்கினது?" என்று கேட்டார் அங்கே வந்த அதிகாரி.

"பதுளை, ஐயா. தோட்டத்தில பொறந்தவன்."

"அப்படியென்றால் இங்கே என்ன வேலை?"

எரிந்த லயத்தைப் பற்றி அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? ஓரமாகக் கண்ணாடி கறுத்த வான் ஒன்று நின்றது. அப்படிப்பட்ட வானில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வருவதில்லை என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டாவது ஏறலாமே என்று மட்டும் நினைத்தார்.

அப்போது வரிசையிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். தீவின் கீரிக் கடற்கரையைச் சேர்ந்த மீன்பிடிகாரர் அம்புறோஸ். இன்னாசிமுத்துவை அவர் அதற்கு முன் கண்டதேயில்லை.

"சேர், இது மீன் பிடிக்கிற ஈயம். நாங்களும் கடலில கட்டுறனாங்கள்," என்று தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னார்.

பின்னால் போ என்று ஒரு சிப்பாய் அவரைத் துப்பாக்கியால் தள்ளினான். அம்புறோஸ் இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மேசைக்குக் கீழே கிடந்த சாக்கு துள்ளியது. எல்லோரும் மறுபடியும் பதறினார்கள். நரை விழுந்த கோப்ரல் ஒருவர் மட்டும் குனிந்து முடிச்சை அவிழ்த்தார்.

"லூலா!" என்றார். விராலுக்குச் சிங்களத்தில் அதுதான் பேர். அவருடைய முகம் மலர்ந்துவிட்டது.

மீனுக்குள் ஏதாவது ஒளித்திருக்கலாம், அறுத்துப் பார் என்றார் அதிகாரி. கோப்ரல் கத்தி எடுத்தார். உயிர் மீன் போய்விட்டதே என்றுதான் அந்த நிலையிலும் இன்னாசிமுத்துவுக்குத் தோன்றியது. வயிற்றுக்குள்ளிருந்து முதலில் தவளை வந்தது. அதன் முதுகில் சைக்கிள் கம்பி முள். முள்ளுக்கு மேலே, நூலில் கோத்தபடி ஓர் ஈய உருண்டை. கோப்ரல் அதைக் கழுவி, மேசையில் கிடந்த மற்ற உருண்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கோணல்மாணல். அதிகாரி அதைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பிறகு முதுகிலிருந்த சப்பாத்தை எடுக்கச் சொன்னார்.

"மீன் யாருக்கு?"

"பொஞ்சாதிக்கு, ஐயா. ஆஸ்பத்திரியில. புள்ள பொறந்திருக்கு."

ஈயத்தையும் கம்பியையும் அதிகாரி கொடுக்கவில்லை. போகலாம் என்று கையை மட்டும் அசைத்தார். கோப்ரல் சமையலறைப் பக்கம் போய் ஒரு பிடி உப்புக் கொண்டுவந்து, மீனின் வயிற்றில் தடவி, சாக்கை அவரே கட்டிக் கொடுத்தார்.

சாவடி கண்ணுக்கு மறைந்ததும் இன்னாசிமுத்து தெருவோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே வந்த அம்புறோஸ் பக்கத்தில் குந்தி, போத்தல் தண்ணீரை நீட்டினார்.

"குடியுங்கோ அண்ணை. இனிப் பயமில்லை."

"நீங்க ஏன் தம்பி முன்னுக்கு வந்தீங்க? ஒங்களையும் புடிச்சிருப்பானுங்களே!"

"எனக்குத் தெரியேல்லை அண்ணை. கால் தன்பாட்டில வந்திட்டுது."

அதைக் கேட்டு இன்னாசிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீரும் வந்தது. அம்புறோசும் சேர்ந்து சிரித்தார். வெயிலில் போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

வழியில் அம்புறோஸ் தன் வீட்டுக்குக் கூட்டிப் போக, அவருடைய மனைவி றோசம்மாதான் விராலைச் சமைத்தாள். கடல் மீனிலேயே வளர்ந்தவள். சேற்று மணம் என்று மூக்கைச் சுளித்தாலும், மிளகும் உள்ளிப்பூண்டும் தட்டிப் போட்டு ரசமாக அவித்துக் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் திரேசம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை தூங்கியது.

"சட்டையெல்லாம் ஏன் இம்புட்டு மண்ணு? விழுந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா, வழுக்கிருச்சு. நீ மொதல்ல குடி."

அவள் ரசத்தை ஊதி ஊதிக் குடித்து முடித்தாள். மீன் துண்டையும் முள் பார்த்துத் தின்றாள். பிறகு பிள்ளையை அவர் கையில் தந்தாள். கனமேயில்லை. ஆனால் மூச்சு நன்றாக வந்து போயிற்று. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரேசம்மாவின் காயம் ஆறும்வரை கீரியில் அம்புறோஸ் வீட்டில்தான் அவருக்குப் படுக்கை. ஒரு நாள் அம்புறோஸ் அவரைக் கடலுக்குக் கூட்டிப் போனார். வள்ளம் ஆடிய ஆட்டத்தில் குடல் வாய்க்கு வந்தது. ஒரு மீனும் பிடிக்கவில்லை.

"குளம் ஆடாது தம்பி," என்றார் கரைக்கு வந்ததும்.

மாரி மழை தொடங்க, பிள்ளையோடு மூன்று பேருமாகப் பெரியமடு திரும்பினார்கள். சாவடியில் வேறு ஆட்கள் நின்றார்கள். பிள்ளையைப் பார்த்துவிட்டு உடனே விட்டார்கள். குளம் நிரம்பிக்கொண்டிருந்தது. பாத்திரங்களை இறக்கி வைத்த கையோடு இன்னாசிமுத்து மண்புழு தோண்டப் போனார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற நாளில் வருகிறவர்களுக்குக் குழம்பு வைக்க வேண்டும் அல்லவா?