லேட்டாக வரும் சிரிப்பு

என்னைக் கட்டிக்கொண்ட புண்ணியத்துக்குத் தனக்கு சொர்க்கத்தில் க்யூவில் நிற்காத டிக்கெட் உண்டு என்று என் மனைவி ஜீவனஹள்ளி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். நான் ஓயாமல் ஜோக் சொல்கிறவன். ஆனால் அந்த ஜோக்குகளுக்கு இந்தப் பெங்களூரில் சிரித்த ஒரே ஆத்மாவும் அவள்தான். அதுவும் நான் முடிப்பதற்குள்.

எனக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. ஒரு நாள் ஒரு ஐ.டி. கம்பெனி லிஃப்ட்டில் பையன் ஒருவன் மாட்டிக்கொண்டான். அந்த ஆபீஸில் கம்ப்யூட்டரில் புகார் பதிந்து 'டிக்கெட்' நம்பர் வாங்காமல் ஃபேன்கூடச் சுற்றாது. நான் ஓடிப்போய்க் கதவைத் தட்டி, "பயப்படாதீங்க தம்பி, மெக்கானிக் வந்துட்டேன்" என்கிறேன். உள்ளேயிருந்து, "டிக்கெட் நம்பர் சொல்லுங்க சார்" என்கிறான். இந்தக் கதையில் நான் கதவைத் தட்டும்போதே அவள் ஆரம்பித்துவிடுவாள். வாய் முழுக்கத் திறந்து, கண்ணை இறுக்கி மூடி, பக்கத்தில் இருப்பவர் தொடையில் பொளேரென்று ஒரு அடி. பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் நான்தான். எத்தனை தடவை கேட்டாலும் அதே அடி. ஒரு கலைஞனுக்கு வேறென்ன விருது வேண்டும்?

சில வருடங்களுக்கு முன் அவளுக்குக் காதுக்கு உள்பக்கம் ஒரு கட்டி வந்தது. எடுத்தார்கள். உயிர் தங்கியது, முகத்தின் இடது பக்கத்துக்குப் போகும் நரம்பு தங்கவில்லை. அந்தப் பாதி அப்படியே தொங்கிவிட்டது. டீ குடித்தால் வாயோரமாக வழியும். கண் முழுசாக மூடாது, மருந்து விட்டுக்கொள்ள வேண்டும். உயிரோடு வந்தாளே, அது போதும் என்று நான் இருந்துவிட்டேன்.

அவளால்தான் அப்படி இருக்க முடியவில்லை. வீட்டின் முன்னறையில் சின்னதாக பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். புருவம் திருத்த வருகிறவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தங்கள் முகம் இடத்தில் இருக்கிறதா என்று கண்ணாடியில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வார்கள். புதிதாக வருகிறவர்கள், 'அக்காவுக்கு என்ன கோபம்?' என்று வெளியே போய்ப் பேசிக்கொள்வார்கள். வாங்க என்று சிரிக்கப் போனால் முறைப்பது மாதிரி ஆகிவிடும்.

என் ஜோக்குக்கு மட்டும் பழையபடியே சிரித்தாள். வலது பாதி சிரிக்கும், இடது பாதியைக் கையால் மறைத்துக்கொள்வாள். "பாதி சிரிப்புக்குப் பாதி ஜோக் போதும், எனக்கும் வேலை மிச்சம்" என்பேன்.

"ஒன் ஜோக்குக்குப் பாதி மூஞ்சே ஜாஸ்திய்யா" என்பாள்.

ஒரு கஸ்டமர்தான் சொன்னாள், இதற்கும் பிளாஸ்டிக் சர்ஜரி உண்டு என்று. அதுவரைக்கும் அதெல்லாம் தங்கள் மூக்கு தங்களுக்கே பிடிக்காத பணக்காரர்கள் செய்துகொள்வது என்றுதான் நினைத்திருந்தோம். ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தால், ஒரு பக்கம் தீக்காயம் பட்டவர்கள், இன்னொரு பக்கம் மூக்கையும் மோவாயையும் மாற்ற வந்த இளசுகள். நர்ஸ் நேராக என்னிடம் வந்து, என் மண்டையை அன்போடு பார்த்து, "முடி வைக்கிறது அந்த ரூம் சார்" என்றாள். என் மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

டாக்டர் அம்மா பொறுமையாகச் சொன்னார். தொடையின் உள்பக்கத்திலிருந்து ஒரு பட்டை தசை எடுத்துக் கன்னத்தில் வைப்பார்களாம். "இத்தன வருஷம் என் தொடைய அடிச்ச பாவம், ஒன் தொடைக்கே வந்துச்சு பார்" என்றேன். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை.

தசை மோட்டார் என்றால் நரம்புதான் கரண்ட். லைன் எங்கிருந்து இழுப்பது? எனக்குப் புரிகிற பாஷையாக இருந்தது. ஒரு வழி, மெல்லுவதற்கு உள்ள நரம்பில் சேர்ப்பது. பக்கத்திலேயே இருக்கிறது, பலமானது, ஒரே ஆபரேஷன். ஆனால் சிரிக்க வேண்டுமென்றால் பல்லைக் கடிக்க வேண்டும். இன்னொரு வழி, கெண்டைக்காலிலிருந்து நரம்பு எடுத்து, நல்ல கன்னத்திலிருந்து உதட்டுக்கு மேலாக லைன் இழுப்பது. நரம்பு வளர்வதற்கே கிட்டத்தட்ட ஒரு வருடம், பிறகு இன்னொரு ஆபரேஷன், அசைவும் கொஞ்சம் குறைவு. ஆனால் வலது பக்கம் சிரித்தால் இடதும் தானாகவே சிரிக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களும் உண்டு, அதைப் பற்றி இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். பல்லைக் கடித்துச் சிரிக்கிறவர்களிலும் சிலருக்குப் பழகப் பழக மூளை கற்றுக்கொண்டு, கடிக்காமலே சிரிப்பு வந்துவிடுமாம். சிலருக்கு ஏன் வருகிறது, சிலருக்கு ஏன் வருவதில்லை என்பதைத்தான் அங்கே ஒரு ஆய்வாகச் செய்துகொண்டிருந்தார்கள்.

நான் இரண்டாவது வழியைச் சொன்னேன். தானாக வராத சிரிப்பு என்ன சிரிப்பு?

அவள் என்னைப் பார்த்தாள். "நீ ஜோக் சொன்னா வர்ற சிரிப்பு எனக்கு வந்துகினுதான்யா இருக்குது. நானா சிரிக்கணும்னு நெனச்சா அதுதான் வரல. கடைக்கு ஒருத்தி வந்தா நான் சிரிக்கணும், அதுக்கு ஒரு வருசம் காத்துகினு இருக்க முடியாது. அதுக்கு இன்னா வழியோ அத்தப் பண்ணு."

பல்லைக் கடிக்கிற அந்த முதல் வழியே முடிவானது.

ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் கன்னம் சும்மா வீங்கிக் கிடந்தது. ஒரு சாயங்காலம் பார்லர் கண்ணாடி முன்னால் பல்லைக் கடித்தாள், கன்னம் துள்ளியது. மறுபடி கடித்தாள், மறுபடி துள்ளியது. "யோவ், இங்க வாய்யா!" என்று கத்தினாள். நான் ஓடி வந்து பார்த்து அழுதுவிட்டேன். அவள் அழவில்லை, கடித்துக் கடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்போது கடைக்கு யார் வந்தாலும் இரண்டு கன்னமும் தூக்கிய சிரிப்பு. 'கோபக்கார அக்கா' போய்விட்டாள். கடி ஜோக் என்று ஊரில் சும்மா சொல்கிறார்கள், எங்கள் வீட்டில்தான் அது நிஜமாகவே நடந்தது.

எனக்குத்தான் பிறகு ஒன்று உறைத்தது. சிரிப்பு லேட்டாக வருகிறது.

சிரிப்பு பொங்கி வரும்போது அதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டு, முதலில் பல்லைக் கடித்து, இரண்டு கன்னமும் தயாரான பிறகு வெளியே விடுகிறாள். கண் இமைக்கிற நேரம்தான். வேறு யாருக்கும் தெரியாது. ஜோக்கை முடிப்பதற்குள் சிரிப்பு வாங்கிப் பழகியவனுக்குத் தெரியும். தொடையில் அடியும் நின்றுவிட்டது. அந்தக் கவனத்தில் அடிக்க எங்கே நேரம்? இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முன்னெல்லாம் மட்டமான ஜோக்குக்கு அவள் சிரிக்கவே மாட்டாள். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி அழகாகச் சிரிக்கிறாள். எது தேறியது, எது தேறவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

போன மாதம் ரிவ்யூ. சிரிப்பு தானாக வர ஆரம்பித்துவிட்டால் வேலை முடிந்தது, வராவிட்டால் வலது பக்கத்து லைனையும் இழுத்துச் சேர்க்கலாமா என்று யோசிப்போம் என்று டாக்டர் அம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆட்டோவில் போகும்போதே அவள் தீர்மானமாகச் சொன்னாள்: "இன்னொரு தபா கத்தி வைக்க நான் படுக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

பிசியோதெரபி பெண் சின்ன வயசு, கன்னடக்காரி. செல்போனை ஸ்டாண்டில் மாட்டி வீடியோ ஓடவிட்டு, "நகு தானாகே பர்பேக்கு ஆன்ட்டி" என்றாள். சிரிப்பு தானாக வரணுமாம். எவனோ சேற்றில் வழுக்கி விழுகிற காமெடி ஒன்றைக் காட்டினாள். மனைவி சிரித்தாள். அளந்து வைத்தது போல் இரண்டு பக்கமும் சமம். எனக்கு மட்டும் அதற்கு முன்னால் காதோரம் தாடை அசைந்தது தெரிந்தது.

"அங்கிள், நீங்க ஒரு ஜோக் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண், உடைந்த தமிழில்.

லிஃப்ட் கதையைச் சொன்னேன். கதவைத் தட்டினேன். அமைதி. "டிக்கெட் நம்பர் சொல்லுங்க சார்" என்று முடித்தேன். ஒரு இமைப்பு. பிறகு வந்தது, முழுச் சிரிப்பு.

வீடியோவை நிறுத்திவிட்டு அந்தப் பெண் கேட்டாள்: "வீட்ல நீங்கதானே பாக்கறீங்க அங்கிள். தானாவா வருது?"

மனைவி என்னைப் பார்த்தாள். சொல்லித் தொலைத்துவிடாதே என்கிற பார்வை. நான் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல நினைத்தேன். "இல்லம்மா, லேட்டாத்தான் வருது" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். பழக்கதோஷம், "பழைய லிஃப்ட் மாதிரி. பட்டனை அழுத்திட்டு நிக்கணும், அப்புறம்தான் கதவு..." என்று இழுத்தேன்.

"அங்கிள் சூப்பர்!" என்று அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அதையும் ஜோக்காக எடுத்து, தானாக வருகிறது என்றே முடிவு செய்துகொண்டு, ஸ்டாண்டை மடக்கக் குனிந்தாள்.

அப்போதுதான் என் தொடையில் பொளேரென்று அடி விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன். வாய் திறந்து, வலது கண்ணை இறுக்கி, என் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். நான் உண்மையைச் சொல்லி, அதை ஒருவரும் நம்பாமல், நான் முழித்த முழிக்கு. வலது பாதி குலுங்கியது. இடது பாதி அப்படியே கிடந்தது. அடுத்த கணம் அவளுக்கே நினைவு வந்து கையால் மறைத்தாள், தாடை அசைந்தது, இடது கன்னம் எழுந்தது. அந்தப் பெண் நிமிரும்போது எல்லாம் சமமாக இருந்தது.

மறுபடி ஒருமுறை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தொடை எரிந்துகொண்டிருந்தது, அந்தச் சுகத்தில் இருந்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டாள். "நெசமாவே லேட்டாவா வருது?"

"ஆமா."

"வேற யாரும் சொல்லலியே."

"வேற யாருக்குத் தெரியும்?" என்றேன். "நான் இன்னா ஒன் கஸ்டமரா? எங்கிட்ட எதுக்குக் கடிக்கிற?"

"பழகிடுச்சுய்யா" என்றாள்.

மூளை கற்றுக்கொள்ளும் என்றார் டாக்டர் அம்மா. கற்றுக்கொண்டது, ஆனால் நான் எதிர்பார்த்தது போல் கடிக்காமல் சிரிக்க அல்ல, யோசிக்காமல் கடிக்க. அவளுக்கு வேண்டியது அவளுக்குக் கிடைத்தது, அதில் நான் மூக்கைச் சிந்துவது அபத்தம் என்று எனக்கே தெரியும்.

இப்போதெல்லாம் லிஃப்ட் கதை சொல்லும்போது, கதவைத் தட்டிய இடத்தில் கொஞ்சம் நிறுத்துகிறேன். அவள் தாடை அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அந்தப் பையனைப் பேச விடுகிறேன். ஜோக்கும் சிரிப்பும் ஒன்றாக வந்து சேர்கின்றன, துளி தாமதம் இல்லை. தொடை மட்டும் சும்மா இருக்கிறது.