ரேடியோவில் வந்த இரண்டு பெயர்கள்

வால்வு ரேடியோவின் குமிழைத் திருகினால் உடனே பாட்டு வந்துவிடாது. முதலில் கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு எரியும், பின்பக்க அட்டையின் ஓட்டைகளிலிருந்து சூடேறிய தூசியின் வாசனை கிளம்பும், அப்புறம் கடலே பெட்டிக்குள் புகுந்துகொண்டதுபோல ஓர் இரைச்சல் எழும், அந்த இரைச்சலைத் தள்ளிக்கொண்டு அறிவிப்பாளரின் குரல் மேலே வரும். தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய எங்கள் தெருவுக்குச் சென்னையைவிடக் கொழும்புதான் பக்கம் என்பதால் எல்லா வீட்டிலும் "சிலோன் பாட்டு"தான். தெருவின் ஒரு முனையில் தொடங்கிய பல்லவியை மறுமுனை வரை ஒரு சொல்கூட விடாமல் கேட்டுக்கொண்டே நடக்கலாம்.

பாட்டுக்கு முன்னால் பெயர்கள் வரும். நிலையத்துக்குத் தபால் கார்டு எழுதிப் போட்டால், இந்த ஊரில் இந்தத் தெருவில் இன்னார் இன்னார் விரும்பிக் கேட்கிறார்கள் என்று கடல் தாண்டி ஒரு குரல் நம்மை அழைக்கும். பெயர் வந்தவர்கள் அன்று முழுக்கத் தெருவில் ஒரு மாதிரி நிமிர்ந்து நடப்பார்கள். "பேரு வந்திருச்சு" என்றால் போதும், என்ன ஏது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

புதுத் துறைமுகம் திறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. எனக்குப் பத்து வயது. அந்த வருஷம் ஒரு பாட்டு எங்கள் ஊரைப் பிடித்து ஆட்டியது. ஆண் குரல் துரத்தும், பெண் குரல் சிணுங்கிக்கொண்டே விலகும். வாய் வேண்டாம் என்கிறது, கண் வேண்டும் என்கிறது, நான் எதை நம்ப என்று அவன் கேட்பான். அவள் மூச்சு வாங்குவதுபோல ஒரு சிரிப்புச் சிரிப்பாள், உடனே தபேலா வேகம் எடுக்கும். அந்தச் சிரிப்பு வருமிடத்தில் டீக்கடையில் இருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரிப்பார்கள். அதைப் பாடிக்கொண்டேதான் நாங்கள் பாண்டி ஆடினோம்.

அடுத்த வீட்டு ரெஜினா அக்காளும் அதைப் பாடுவாள். பத்தொன்பது வயது. அவளுடைய அப்பா மாலத்தீவுக்குப் போன தோணியோடு திரும்பாமல் போனவர். அவளும் அவள் அம்மாவும் மட்டுந்தான். விடிந்ததும் "இறால் கம்பெனி"க்குத் தோல் உரிக்கப் போவாள். மாலையில் திரும்பும்போது ஐஸ் தண்ணீரில் ஊறிய விரல்கள் வெள்ளையாகச் சுருங்கியிருக்கும். அந்த விரல்களால் என் கன்னத்தைத் தொட்டு நான் அலறுவதைப் பார்த்துச் சிரிப்பாள். நல்ல குரல் அவளுக்கு. மாதா கோயில் பூசையில் அவள் பாடினால் பெரியவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள்.

இறால் பெட்டிகளை வேனில் ஏற்றிப் போகும் வின்சென்ட் அண்ணனை அந்தத் தெருவில் பிடிக்காதவர்கள் கிடையாது. காதை மூடும் முடி, தரையைக் கூட்டும் பேன்ட், பிள்ளைகளைக் கண்டால் பெப்பர்மின்ட். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு எங்களை எல்லாம் வேனின் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார். நாங்கள் பார்த்த படங்களில் எல்லாம் கதாநாயகன் சைக்கிளில் போகும் பெண்ணை மறிப்பான், தாவணியைப் பிடிப்பான், அவள் அறைவாள், அவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு பாடுவான், பாட்டு முடிவதற்குள் அவள் அவன் தோளில் சாய்ந்திருப்பாள். கெட்டவன் பிடித்தால் மட்டும் வேறு சங்கீதம். அவனிடம் அகப்பட்டவள் கிணற்றில் விழுவாள், அல்லது படம் முடியும்போது பஞ்சாயத்துக்காரர்கள் அவன் கையிலேயே அவளைப் பிடித்துக் கொடுப்பார்கள். எங்களுக்கு அதில் எந்தச் சந்தேகமும் எழவில்லை. உப்பளத்தில் உப்பு விளைவதுபோல அது உலக நடப்பு.

கான்வென்டில் கையெழுத்துக்காகப் பரிசு வாங்கியவள் நான். ஒருநாள் வின்சென்ட் அண்ணன் எங்கள் வாசலில் நின்று, "ஏளா, ஒரு கார்டு எழுதித் தாயேன். ரெஜினாவுக்குப் பொறந்த நாள் வருதுல்லா? பேரு வரட்டும். அவகிட்ட மூச்சு விட்டுராத, என்ன?" என்றார். நான் முத்து முத்தாக எழுதினேன். அந்தப் பாட்டின் முதல் வரி, அதன் கீழே விரும்பிக் கேட்பவர்கள் ரெஜினா, வின்சென்ட், அதன் கீழே தெருவின் பெயர். எழுதி முடித்ததும் மறுபடி மறுபடி வாசித்துப் பார்த்தேன். ஒரு படத்தின் முதல் காட்சிக்குள் என்னையும் சேர்த்துக்கொண்டார்களே என்ற பூரிப்பு அது.

இரண்டு வாரம் கழித்து மத்தியானம் அந்த இரண்டு பெயர்களும் தெரு முழுக்க ஒரே சமயத்தில் ஒலித்தன. அன்று மாலை ரெஜினா அக்காள் வேலையிலிருந்து நேராக டீக்கடைக்குப் போனாள். ஆம்பளைகள் நிற்கிற கடையில் பெண்கள் ஏறுவது வழக்கமில்லை. "இன்னொரு மட்டம் எம் பேர எங்கனயாவது சொன்னேன்னு வையி, செருப்பு பிஞ்சிரும்" என்றாள். வின்சென்ட் அண்ணன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். கடையில் ஒருவர், "மொத ரீலு முடிஞ்சிட்டுடே மாப்ள, இனி பாட்டுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்த நானும் சிரித்தேன். அவள் கோபப்பட்டதால் கதை சரியாகத்தான் போகிறது என்று எனக்குத் தோன்றியது.

அதன்பின் ஒரு மாதம் ஆகியிருக்காது. கம்பெனியில் ஐஸ் அறை என்று ஒன்று உண்டு. மரத்தூளுக்குள் பாளம் பாளமாக ஐஸ் அடுக்கியிருக்கும். பகல் பாட்டு நிகழ்ச்சி நேரத்தில், உரிக்கும் கூடத்தில் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்திருந்தபோது, ஐஸ் எடுக்க உள்ளே போன ரெஜினா அக்காளுக்குப் பின்னால் வின்சென்ட் போய்க் கதவைச் சாத்தினான். இதற்கு மேல் அவரை மரியாதையாக எழுத என்னால் முடியவில்லை. அவள் கத்தியிருக்கிறாள். கூடத்தில் இருபது பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலருக்குக் கேட்டிருக்கிறது. பிறகு கேட்டபோது அவர்கள் சொன்னது ஒன்றுதான்: "வெளாடுதாங்கன்னுல்லா நெனச்சோம்."

தெருவில் ஒரு வாரம் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டுப் பேசினார்கள். நாங்கள் ஜன்னலுக்கு அடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டோம். "சேல முள்ளுல விழுந்தாலும் முள்ளு சேலையில விழுந்தாலும் கிழியிறது சேலதானளா" என்றாள் வின்சென்டின் அம்மா. முள்ளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. போலீஸ், கேஸ் என்று போனால் தெருவே நாறிப்போகும் என்றார்கள். கட்டிவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். படங்களின் கடைசிக் காட்சியில் வருவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டு, கட்டிக்கொள்ளத் தயார் என்று வின்சென்டும் சொல்லிவிட்டான். பெருந்தன்மைக்காரன் என்று அதற்கும் ஒரு பாராட்டு.

ரெஜினா அக்காள் மாட்டேன் என்றாள். பூசை முடிந்து அவள் வீட்டு முற்றத்தில் பெரியவர்கள் கூடியிருந்தபோது, கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் வந்தது. "அவன் என்னைய என்ன செஞ்சான்னு நாந்தான சொல்லுதேன். எனக்குத்தான தெரியும்?"

அவளுடைய தாய்மாமன் சூசை தோணி ஓட்டும் தண்டல். நடுக்கடலில் காற்றுக்குப் பயப்படாதவர். அவர் தரையைப் பார்த்தபடி, "ரேடியோவுல ஒங்க ரெண்டு பேரு பேரும் சேந்து வந்துச்சேம்மா. ஊரே கேட்டுச்சே. நான் எந்த மூஞ்சியோட இல்லைன்னு சொல்ல?" என்று கேட்டார்.

"நான் கார்டு போடல மாமா."

"பின்ன யாரு போட்டா? நீயுந்தான நாளெல்லாம் அந்தப் பாட்டப் பாடிக்கிட்டுத் திரிஞ்ச?"

முற்றத்தின் ஓரத்தில் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போதுதான் நான் எழுதிய கார்டு என்ன செய்திருக்கிறது என்று விளங்கியது. பதில் என்னிடம் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். மீன் அறுத்துக்கொண்டிருந்த அம்மா, செதில் ஒட்டிய கையாலேயே என் வாயைப் பொத்தினாள். "நீயும் பொட்டப்புள்ள. வாயத் தொறந்த, நாளைக்கு ஒம் பேரும் இதுல வந்துரும்." பிள்ளையைக் காப்பாற்றுகிறோம் என்றே அவள் நம்பினாள் என்பது, நானும் தாயான பிறகு எனக்குப் புரிந்தது.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் "ஓலை வாசிப்பார்கள்". மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பெண், மாப்பிள்ளை பெயர்களைப் பூசையில் வாசித்து, இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் அறிந்தவர்கள் வந்து தெரிவிக்க வேண்டும் என்று பங்குச் சாமியார் அறிவிப்பார். அதைக் கேட்டு யாரும் எழுந்ததை நான் பார்த்ததில்லை. அது ஜெபத்தில் வருகிற ஒரு வரியைப்போலக் கடந்து போய்விடும். ரெஜினா அக்காள் மறுத்ததைக் கணக்கில் எடுக்காமலே பெரியவர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். முதல் ஓலையில் ரெஜினா, வின்சென்ட் என்று வாசித்தார். நான் எழுதிய அதே வரிசை. இரண்டாம் ஓலையன்று அவள் பாடகர் வரிசையில் இல்லை. பெண்கள் பக்கத்துக் கடைசித் தூணருகே முக்காட்டோடு முழந்தாளிட்டிருந்தாள். சாமியார் தடை என்ற சொல்லைச் சொன்னபோது அவள் தலை நிமிர்ந்தது. கோயில் முழுவதையும் ஒருமுறை பார்த்தாள். யாராவது எழுவார்களா என்று பார்த்தாள் என்று நினைக்கிறேன். எல்லோரும் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்து அம்மா வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் "சக்ரீஸ்து"க்குள், அதாவது சாமியார் உடை மாற்றும் அறைக்குள், போய்விட்டேன். தைரியம் என்று சொல்லமாட்டேன். இன்னும் ஒரு ஞாயிறுதான் பாக்கி என்ற பயம்.

"சாமி, அந்தக் கார்ட நாந்தான் எழுதுனேன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். "எழுதச் சொன்னது யாரு?" என்றார். சொன்னேன். "ரெஜினாவுக்குத் தெரியுமா?" "தெரியாது சாமி. சொல்லிராதன்னு அவுகதான் சொன்னாவ." அவர் கழற்றிய உடையை மடிக்காமலே மேசையில் போட்டுவிட்டு என்னை அம்மாவிடம் அனுப்பினார். அந்த வாரம் அவர் ரெஜினா அக்காளை வரவழைத்து, அம்மா, மாமன் யாரையும் உள்ளே விடாமல் தனியாகப் பேசினார். பெண் மனமொத்துச் சொல்லாமல் என் கையால் தாலி எடுத்துக் கொடுக்கமாட்டேன் என்று சூசைத் தண்டலிடம் சொல்லிவிட்டார். மூன்றாம் ஞாயிறு வேறு இரண்டு ஜோடிகளின் பெயர்களைத்தான் வாசித்தார்கள். கோயிலில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

இங்கே நிறுத்திவிட முடிந்தால் நன்றாக இருக்கும். கல்யாணம் நின்றது, அவ்வளவுதான். வின்சென்டை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கார்டு எழுதியது சின்னப்பிள்ளை என்று தெரிந்த பிறகும், "நெருப்பில்லாமப் புகையுமா" என்றார்கள். ஆறு மாதத்தில் அவனுக்கு வேறிடத்தில் பெண் பார்த்து, பந்தல் போட்டு, குழாய் ஒலிபெருக்கி கட்டி, அதே பாட்டைப் போட்டுக் கல்யாணம் செய்தார்கள். என் அம்மா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. ரெஜினா அக்காளும் அவள் அம்மாவும் வேம்பாரில் உறவினர் வீட்டுக்குப் போவதென்று முடிவானது.

கிளம்பும் காலையில், தெருக்குழாயடியில் குடத்தோடு நின்ற என்னிடம் அவள் வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"நீதான் எழுதுனியாளா?"

தலையாட்டினேன்.

"சாமிட்ட சொன்னதும் நீதானா?"

அதற்கும் தலையாட்டினேன். அவள் என் குடத்தை வாங்கிக் குழாய்க்கு அடியில் வைத்தாள். "எனக்கு அந்தப் பாட்டு ரொம்பப் புடிக்கும்ளா" என்றாள். கடற்கரைச் சாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவள் அம்மா கூப்பிட்டாள்.

இப்போது அந்தத் தெருவில் ரேடியோ கேட்கும் வீடு ஒன்றுகூட இல்லை. டீக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. இறால் கம்பெனிக் கூடத்தை இடித்துக் கண்டெய்னர் நிறுத்துகிறார்கள். சாமியார்கள் பலர் மாறிவிட்டார்கள், ஓலையும் இன்று கோயில் குழுவின் வாட்ஸப்பில் வருகிறது. வின்சென்ட் நல்ல மனிதர் என்று பெயரெடுத்து முதுமையில் இறந்தான். இறுதி ஊர்வலத்தில் நானும் நடந்தேன். ரெஜினா அக்காளைப் பற்றி எனக்குத் தெரியாது. தேடவும் இல்லை.

இதையெல்லாம் இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மகன். பொறியியல் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறான். என்னை எதிர்த்து ஒரு சொல் பேசாதவன். போன மாதம் ஒரு பெண்மணி போனில் அழைத்து, "ஒங்க மகன் எம் பொண்ணு போட்டாவ வச்சு, பாட்டுப் போட்டு, ரெண்டு பேரு பேரையும் சேத்து ஊருக்கெல்லாம் அனுப்புதான். கொஞ்சம் கேளுங்க" என்றார். குரல் உயர்த்தவில்லை. அழைத்தவருக்கு என்ன பயம் இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவனைக் கேட்டேன். "சும்மா பாட்டுதானம்மா, எல்லாரும் செய்யுறதுதான். அழிச்சிருதேன்" என்றான்.

மறுநாள் அவனைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் தன் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவனைப் பார்க்கவே இல்லை, என்னிடம்தான் பேசினாள்.

"ஆன்ட்டி, வேண்டாம்னு நான் அவன்கிட்ட எத்தன தடவ சொல்லிட்டேன். நீங்களே கேளுங்க, சொன்னேனா இல்லையான்னு."

நான் அவன் பக்கம் திரும்பினேன்.

"சொன்னாம்மா" என்றான். பிறகு, நிஜமாகவே குழம்பிப்போன முகத்தோடு, "அவ சும்மா சொல்லுதான்னு நெனச்சேன்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. பெற்றவளுக்கு அது தெரியும்; டீக்கடைக்கு எதிரே நின்று சிரித்த நாளில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பொய் சொல்லியிருந்தால் அங்கேயே அடித்திருப்பேன்.