அங்கம்மாக்கா பழக்கிவிட்ட நாலு பேர்

எங்க அங்கம்மாக்காவப் பத்தி எங்க வேணும்னாலும் நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன். கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள்ல இருந்துகூட ஆளுங்க எங்க பூனாகலைத் தோட்டத்துக்கு வந்து அவங்ககிட்ட வேலை பழகிட்டுப் போறாங்க. ஆனா மொதல்ல பழகினது நாங்க நாலு பேரு.

புத்தி தடுமாறினவங்கள லாரியில ஏத்தி பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது எங்க வேலை. கயித்தால கட்டுறவன் நான், முருகையா. எங் கட்டு அவிழாதுன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன். த்தூ, அதுவும் ஒரு பெருமையா!

அங்கம்மாக்கா தோட்டத்து டிஸ்பென்சரியில காயத்துக்கு மருந்து போடுற ஆளு. எழுபத்தேழுல ஒருநா எங்கள நிப்பாட்டி, ஒங்க கயித்துக் காயத்துக்கு மருந்து போட்டே எங் கை ஓஞ்சுபோச்சு, இனி நான் சொல்றபடி செய்யிங்கடான்னாங்க. நான் சிரிச்சேன். அப்ப நீ படுன்னு சொல்லி, மத்த மூணு பேர்கிட்டயும் என்னையே கட்டச் சொல்லிட்டாங்க. காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக் களத்துல இருந்து டிஸ்பென்சரி வரைக்கும் தூக்கிட்டுப் போனானுங்க. சனமெல்லாம் வேடிக்கை பாக்குது. மூக்குல ஈ உக்காந்துச்சு, ஓட்ட ஒரு பய இல்ல. எந் தலைக்கு மேலயே பந்தாட்டக் கதை பேசிட்டு வந்தானுங்க.

அவுத்துவிட்டதும் அக்கா கேட்டாங்க: "என்னா வேணும்னு இருந்துச்சு?"

"யாராச்சும் எம் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசியிருந்தா போதும்கா," ன்னேன்.

ரெண்டு மாசம் பழக்கினாங்க. கும்பலா போகாத, ஒருத்தன் மட்டும் பேசு. நிக்காத, குந்து. பேய், பைத்தியம்னு வாய்விடாத. எங்க கூட்டிட்டுப் போறோம்னு முன்னாடியே சொல்லு. தப்பு செஞ்சா காதப் புடிச்சுத் திருகுவாங்க, நாப்பது வயசுக்காரன்னும் பாக்க மாட்டாங்க.

மறுவருசம் எந் தம்பி பொன்னையாவுக்கே புத்தி தடுமாறிப்போச்சு. மக செத்ததுல இருந்து அவன் கண்ணு மூடல. பட்டப்பகல்ல தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியோட, நாங்க குடியிருக்குற லயத்து வாசல்ல நின்னு, கிட்ட வந்தா வெட்டிருவேங்குறான். போலீசக் கூப்பிடுவோம்னாரு கங்காணி. போலீசு வந்தா தம்பி உசுரோட மிஞ்சுவானா? அக்கா கூட்டத்தக் கலைச்சுவிட்டுட்டு, நீதான் பேசணும்னு என்னைய அனுப்பினாங்க.

பத்தடி தள்ளிக் குந்தினேன். மக பேரச் சொல்லி, அவ நெனப்பாவே இருக்காடான்னு கேட்டேன். அவன் ஏசினான், அழுதான். ஒரு மணி நேரம் நான் அசையல. பதுளைக்குப் போவோம், கூடவே இருக்கேன்னு மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கடைசியில அவனே கத்திய நீட்டினான்.

"கை வலிக்குதுண்ணே. நீ புடிச்சுக்க."

அவனே நடந்து வந்து லாரியில ஏறினான். பண்டாரவளை தாண்டும்போது எந் தோள்ல சாஞ்சு தூங்கிட்டான். நாங்க ஏத்திட்டுப் போன ஆளுங்கள்ல ஒருத்தர் தூங்கி அன்னைக்குத்தான் பாத்தேன்.