மதிவாணனுக்கு சுகர் வந்த கதை

முத்தியால்பேட்டையில் ஹெல்மெட் போடாமல் ஒருவன் அந்தத் தெருவைத் தாண்டிவிட முடியாது. போலீஸ் விட்டாலும் மதிவாணன் விடமாட்டார். "ஏம்ப்பா, தலை இன்னா இரவல் வாங்கினதா?" என்று ஆரம்பித்தால் கையிலிருக்கும் டீ ஆறிப்போகும்வரை பேசுவார். டிராவல்ஸ் கார் ஓட்டி இருபது வருடம். லைசென்ஸில் ஒரு கீறல் கிடையாது என்பதை அந்த இருபது வருடமும் சொல்லிக்கொண்டே வந்தவர். அப்படிப்பட்ட மனிதர்தான் இப்போது இந்தக் கதையைச் சொல்லி, கேட்கிறவர்களுக்கு முன்னால் தன்னைத் தானே திட்டிக்கொள்கிறார்.

அன்றைக்கு மரக்காணத்தில் ஆட்களை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். யூனியன் பிரதேசத்து எல்லையான கனகசெட்டிக்குளம் வர இன்னும் கொஞ்ச தூரம், அதாவது இன்னும் தமிழ்நாடு. ஹெல்மெட் இல்லாமல் மாட்டிக்கொண்டேன் என்று மைத்துனன் இளம்பரிதி போன் செய்தான். இப்படி ஒரு செய்தி கிடைத்தால் மதிவாணனுக்கு வாய் சும்மா இருக்குமா? ஒரு கையில் ஸ்டியரிங், ஒரு கையில் போன். "ரூல்ஸை மதிக்கத் தெரியாதவன் வண்டியத் தொடவே கூடாதுடா" என்று பொரிந்துகொண்டிருந்தபோது ஓரத்தில் நின்ற போலீஸ்காரர் கையைக் காட்டினார். மதிவாணன் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ஒரு நிமிஷம் சார், போன் பேசிக்கினு இருக்கேன்" என்றார். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வார்.

லைசென்ஸ் மூன்று மாதத்துக்கு சஸ்பெண்ட் ஆனது. டிராவல்ஸ் முதலாளி வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், தெருவுக்கு என்ன பதில் சொல்வது? பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்துக்கொண்டு மதிவாணன் வாசலில் இறங்கியபோது பக்கத்து வீட்டு அன்வருதீன் பாய் எதிரே வந்தார். வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருப்பவர், இவர்மேல் உயிரையே வைத்திருப்பவர்.

"இன்னா மதி, சைக்கிள்ல?"

"சுகர் பாய். டாக்டர் மூணு மாசம் வண்டி ஓட்டக் கூடாதுன்னுட்டார்."

வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். சாயங்காலத்துக்குள் தெருவே துக்கம் விசாரித்தது. டீக்கடையில் கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ வந்தது. நஜீமாக்கா, பாயின் மனைவி, பெருநாளுக்குத் தெரு முழுக்கப் பாயசம் கொடுத்தனுப்பி, இவருக்கு மட்டும் ஒரு தூக்கில் வெந்தயக் கஞ்சி அனுப்பினார். சரி, வீட்டுக்குள்ளாவது ஒரு பிடி சோறு தின்னலாம் என்றால், உண்மை தெரிந்த ஒரே ஆளான மனைவி ஜெயம் இரண்டு சப்பாத்தியைத் தட்டில் போட்டாள்.

"நமக்குள்ள எதுக்கு ஜெயம்?"

"நம்ம ஜன்னலும் அவங்க ஜன்னலும் பார்த்துக்கினு இருக்கு. பொய் சொன்னா ஒழுங்கா சொல்லணும்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

மூன்று மாதம் முடிந்து லைசென்ஸ் கைக்கு வந்தது. கார்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எங்கேயும் ஒரு எழுத்து ஏறவில்லை. தமிழ்நாட்டில் நடந்தது தமிழ்நாட்டோடு போயிற்று என்று அவராகவே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டார். எல்லைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் வேறொன்று என்றே பிறந்து வளர்ந்த மனிதருக்கு வேறெப்படித் தோன்றும்?

அடுத்த வாரமே அன்வருதீன் பாய் ஒரு வேலையோடு வந்தார். ஊருக்குள்ளேயே இருக்கும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அவர் சீட் தைத்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில், பெண் தொழிலாளர்களை ஏற்றி இறக்கும் வேனுக்கு டிரைவர் தேவை. நிரந்தர வேலை. கையிருப்பு தீர்ந்து ஜெயம் தையல் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்த நேரம். இது கிடைக்காவிட்டால் வேறு வழி தெரியவில்லை. பாய் தன் ஸ்கூட்டரிலேயே அவரை ஏற்றிக்கொண்டு போனார்.

வண்டிகளுக்குப் பொறுப்பாக இருந்த கலைமகள் மேடம் லைசென்ஸ் நம்பரைப் போனில் தட்டினார்.

"இப்ப ஆக்டிவ்ல இருக்கு. நடுவுல மூணு மாசம் சஸ்பெண்ட்னு காட்டுதே?"

"அது தமிழ்நாட்டுல மேடம்..."

"எங்க ஆனாலும் நாடு முழுக்க ஒரே பதிவுதாங்க. கார்டுல இருக்காது, இதுல இருக்கும். காலம் முடிஞ்சா ஓட்டலாம், ஆனா நடந்தது நடந்ததுதான். எதுக்கு சஸ்பெண்ட் ஆச்சு?"

மதிவாணன் ஒரு பதிலைத் தேடினார். அதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"சுகர் மேடம். டாக்டரே ஓட்டக் கூடாதுன்னு நிறுத்தி வெச்சார். வேற ஒருத்தனா இருந்தா மறைச்சி ஓட்டியிருப்பான். இவர் சைக்கிள்லயே போனார். அவ்ளோ நேர்மையான மனுஷன்."

கலைமகள் போனைக் கீழே வைத்துவிட்டார். "சுகரா? மயக்கம் ஏதாவது வருமா? சஸ்பென்ஷன் முடிஞ்சி வந்தவங்க ரெண்டு பேரு எங்ககிட்ட ஓட்டிக்கினுதான் இருக்காங்க, அது பெரிசில்ல. வண்டி ஓட்டவே கூடாதுன்னு டாக்டர் சொன்ன ஆளை நம்பி இத்தினி பொம்பளைங்கள எப்படிங்க ஏத்தறது?"

இத்தனை நாள் எதை மூடி மறைத்தாரோ அது இங்கே யாருக்கும் பெரிய விஷயமில்லை. மூடிய போர்வைதான் வேலைக்கு உலை வைத்துவிட்டது. பாய் வேறு, நண்பனுக்காக இன்னும் ஏதோ பேச வாயெடுத்தார்.

"சுகரே இல்ல மேடம்" என்றார் மதிவாணன். பாயின் முகத்தை அவர் பார்க்கவில்லை. "போன் பேசிக்கினே ஓட்டி மாட்டிக்கினேன். தெருவுல சொல்ல வெக்கமா இருந்திச்சி. பொய் சொல்லிட்டேன்."

யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டார் கலைமகள். மைத்துனனிடம், ரூல்ஸைப் பற்றி, என்று சொல்லவேண்டி வந்தது. அடுத்த மேஜைக்காரர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக்கு ஒரு சீட்டும், அது சரியாக வந்தால் வேலை என்ற உறுதியும், ஓட்டும்போது போன் கிளீனரிடம் இருக்கவேண்டும் என்ற கண்டிப்புமாக மேடம் அனுப்பிவைத்தார். இன்னொரு தரம் இப்படிப் பதிவில் ஏறினால் அன்றைக்கே கணக்கு முடிந்தது என்றும் சொன்னார்.

பாய் ஸ்கூட்டரை எடுத்தார். சிக்னலில் நின்றபோது, "நீயே வந்து உங்க அக்காகிட்ட சொல்லு" என்றார். அவ்வளவுதான்.

நஜீமாக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மதிவாணன் செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றபடியே சொன்னார். "அக்கா, எனக்கு சுகர் இல்லக்கா."

அக்கா முறத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! தம்பி, மூணு மாசமா ஒரு தொழுகை விடாம உனக்காகக் கேட்டேன். கொடுத்துட்டான் பாரு."

கண் நிறைந்து நின்ற அந்த முகத்திடம் மீதியை எப்படிச் சொல்வது? பாய் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று மாதம் சைக்கிளில் போனபோது வராத வெட்கம் மதிவாணனுக்கு இப்போது வந்தது.

"இல்லக்கா, உக்காருங்க" என்றார். "முதல்லேருந்து சொல்றேன்."