இடது பக்கமே சுற்றிய பீரங்கி

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு என் கையில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. எலும்பு முறிந்திருந்தால்கூட நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். எலும்பு என்னுடையது. உடைந்த சாமான் அடுத்த வீட்டுக்காரருடையது... அதுவும் ஃபாரின் சாமான்!

அரியலூரில் எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான். அந்தப் பக்கம் தனலட்சுமி; எங்களுக்குத் தனம். அவள் கணவன் கலியபெருமாள் ஒரு வெல்டர். சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், மூன்று வருஷத்துக்கு முன் குவைத்துக்குப் போனான். போன வருஷம் இரண்டு மாத லீவில் வந்தபோது டேப் ரெக்கார்டர், சென்ட் பாட்டில், கம்பளி இவற்றோடு ஒரு வீடியோ கேமும் கொண்டுவந்தான்.

டி.வி.யோடு இணைத்து ஆடுவது அது. திரையில் இரண்டு பீரங்கி வண்டிகள். அவற்றை ஓட்ட இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் — சின்ன கறுப்புப் பெட்டி, அதன் நடுவே கட்டைவிரல் மாதிரி ஒரு குச்சி, ஓரத்தில் சிவப்புப் பொத்தான். ஒரு ஜாய்ஸ்டிக்கின் முதுகில் அரத்தால் ‘க’ என்று கீறியிருக்கும். வெல்டர்களுக்குத் தங்கள் சாமானில் அடையாளம் போடாவிட்டால் தூக்கம் வராது.

அந்த இரண்டு மாதமும் தினம் மாலையில் சுவருக்கு அந்தப் பக்கம் போர் நடக்கும்.

“அழுகுணி ஆட்டம் ஆடாதடி!”

“நீங்க ஏன் எப்பப் பாத்தாலும் எடப்பக்கமே திருப்புறீங்க? அதான் அடி வாங்குறீங்க!”

அப்புறம் இரண்டு பேரின் சிரிப்பு. நானும் என் மனைவி சரோஜாவும் இந்தப் பக்கம் மௌனமாகக் காபி குடித்துக்கொண்டிருப்போம். இருபத்துமூன்று வருஷத் தாம்பத்தியத்தில் நாங்கள் எதற்காவது அப்படிச் சண்டை போட்டிருக்கிறோமா? ரேஷன் சர்க்கரைக்குப் போட்டிருக்கிறோம்.

லீவு முடிந்தது. கலியபெருமாள் போனான். சுவர் அமைதியாகிவிட்டது.

போன சனிக்கிழமை தனம் மூன்று நாள் தங்குவதாக செந்துறைக்கு, மாமியார் வீட்டுக்குக் கிளம்பினாள். நான் வெட்கத்தை விட்டு வீடியோ கேமைக் கேட்டேன். நாற்பத்தெட்டு வயசு ஆசாமி கேட்கிற பொருளா அது? என் ஆபீஸ் நண்பர் பார்க்க ஆசைப்படுவதாக ஒரு பொய்யையும் சேர்த்துக்கொண்டேன்.

“அதுக்கென்னண்ணே, நல்லா ஆடுங்க. இந்த ‘க’ போட்டது மட்டும் வேணாம். அது அவரோடது. டப்பாவிலயே இருக்கட்டும்.”

“சேச்சே, தொடுவேனா?” என்றேன்.

தொட்டேன். வேறு வழி? ஒற்றை ஜாய்ஸ்டிக்கை சரோஜா பிடித்துக்கொண்டு, நகராமல் நின்ற என் பீரங்கியைச் சுட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனை முறைதான் சும்மா நின்று சாவது? ‘க’வை எடுத்து மாட்டினேன்.

அதில் ஒரு கோளாறு இருந்தது. குச்சி கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தே நின்றது. நான் கையை எடுத்தால்கூட என் வண்டி தானாகவே இடது பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. சரோஜா விழுந்து விழுந்து சிரித்தாள். “ஆபீஸ்லயும் இப்படித்தான் சுத்திக்கிட்டு இருக்கீங்களா?” என்று கேட்டாள். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. குச்சியை வலது பக்கம் ஓங்கி அழுத்தினேன்.

டக்.

குச்சி, கழுத்தறுந்த கோழி மாதிரி தொங்கியது.

உடனே என் மண்டைக்குள் ஒரு கோர்ட் கூடிவிட்டது. குவைத்திலிருந்து கலியபெருமாள் விமானம் ஏறி வருகிறான், கையில் வெல்டிங் டார்ச்... சரோஜாவிடம், “பல்லி விழுந்து உடைஞ்சதுன்னு சொல்லிடலாமா?” என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் இன்னொன்று உடைந்தது.

அரியலூரில் ரிப்பேருக்குக் கொடுத்தால் விஷயம் தனத்தின் காதுக்குப் போய்விடும். எனவே திங்கட்கிழமை வயிற்றுவலி என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டு — பொய்யில்லை, நிஜமாகவே வலித்தது — பெரம்பலூர் பஸ் ஏறினேன். பக்கத்து சீட் விவசாயி என் மடியில் இருந்ததை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “எத்தனை எச்.பி. மோட்டாருக்குங்க இந்த ஸ்டார்ட்டர்?” என்று கேட்டார். ஐந்து என்றேன்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அன்வர் பாய் ரேடியோ, டி.வி. எல்லாம் ரிப்பேர் செய்கிறவர். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பெட்டியை இரண்டாகப் பிளந்தார்.

“பாத்தீங்களா சார்? வெளிய பாத்தா இரும்புப் பெட்டி கணக்கா இருக்கு. உள்ள என்ன? சோப்பு டப்பா பிளாஸ்டிக்! மனுசன் அழுத்துற அழுத்தமெல்லாம் இந்த நகத்துண்டு மேலதான் விழுது. எப்படித் தாங்கும்?”

அவர் விரலில் இரண்டாகப் பிளந்த ஒரு வெள்ளை வளையம். எனக்கு அந்த ஜாய்ஸ்டிக் மேல் ஒரு சொந்தம் வந்துவிட்டது. நானும் வெளியில் எழுபத்தெட்டு கிலோ. உள்ளே ஒரு நகத்துண்டுதானே?

“ஒரு பக்கம் மட்டும் நல்லா தேஞ்சிருக்கு. ஆடுனவரு எடப்பக்கமே போட்டு அழுத்திருக்காரு. அதான் சாஞ்சுபோச்சு.”

“அதையும் சேர்த்து நிமிர்த்திடுங்க பாய். புதுசு மாதிரி இருக்கணும்” என்றேன் பெருந்தன்மையாக.

“புதுசு என்ன சார் புதுசு? அதை விட கெட்டியா போட்டுத் தரேன். நைலான்ல கடைஞ்சு தரேன். எல்லாம் உங்க ஊரு சிமெண்ட் ஃபாக்டரி ஸ்கிராப்புதான். லாரி ஏறினாலும் உடையாது. இருபது வருசத்துக்கு நான் கேரண்டி.”

சாயங்காலம் வாங்கிக்கொண்டேன். உடைந்த வளையத்தையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். குச்சி, டிரில் வாத்தியார் மாதிரி விறைப்பாக நிமிர்ந்து நின்றது. திரும்பி வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாட்டுக்கூட முணுமுணுத்தேன். உடைத்ததை ஒட்டியது மட்டுமா? பழைய கோளாறையும் அல்லவா சரி செய்துவிட்டேன்!

செவ்வாய்க்கிழமை மாலை தனம் வந்தாள். டப்பாவை நீட்டினேன், குழந்தை முகத்தோடு. பின்னால் சரோஜா.

தனம் ஊர்ப் பையைக்கூட ஓரமாக வைக்கவில்லை. டப்பாவைப் பிரித்தாள். டி.வி.யைப் போட்டாள், இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் மாட்டினாள். திரையில் இரண்டு பீரங்கிகள் வந்தன. அவளுடையது ஒரு மூலையில். இன்னொன்று எதிர் மூலையில்... அப்படியே நின்றது.

அவள் காத்திருந்தாள். ‘க’வைக் கையில் எடுத்து லேசாகத் தட்டினாள். மறுபடி பார்த்தாள்.

“அண்ணே... ஏன் இது நிக்குது?”

“அதான்மா ரிப்பேரே!” என்றேன் உற்சாகமாக. “கோளாறா சுத்திக்கிட்டு இருந்தது. சரி பண்ணிட்டேன்.”

சரோஜா என் முழங்கையைக் கிள்ளினாள். எனக்கு எப்போதும் கிள்ளினால்தான் புரியும். ஞாயிற்றுக்கிழமை உடைத்தது, பெரம்பலூர் போனது, ஸ்டார்ட்டர் பொய் வரைக்கும் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினேன்.

“உடைஞ்சதுக்கு என்னண்ணே, சாமான்னா உடையத்தான் செய்யும்” என்றாள் தனம், திரையைப் பார்த்தபடியே. “தெனம் சாயந்திரம் போட்டுவுடுவேன். அது பாட்டுக்கு எடப்பக்கமா சுத்திக்கிட்டு கெடக்கும். அவரு உக்காந்து ஆடுறாப்பலயே இருக்கும். நானும் நாலு குண்டு போட்டுட்டு, சோறாக்கப் போயிடுவேன்.”

சுவருக்கு இந்தப் பக்கமே இருந்தும் எனக்குத் தெரியாமல் போய்விட்டதே... சிரிப்புச் சத்தமில்லாமல் அல்லவா அந்தப் போர் நடந்திருக்கிறது!

காகிதத்தைப் பிரித்து உடைந்த வளையத்தைக் கொடுத்தேன். தேய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் ஒருதரம் தடவிப் பார்த்தாள்.

“நான் வேணா தினம் வந்து இடது பக்கமா அழுத்தித் தேய்ச்சுக் கொடுக்கட்டுமாம்மா?” என்றேன். நிஜமாகத்தான் கேட்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே, “வேணாண்ணே. உங்க எடது வேற, அவரு எடது வேற” என்றாள். “தையில லீவுல வராரு. வந்தா அவரே கெடுத்துருவாரு.”

ஃபாரின் சாமான் வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்கிற ஒரே கேள்வி — எத்தனை நாள் உழைக்கும்? நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், போன வாரம் வரை. நேற்று மாலையும் சுவரில் காதை வைத்தேன். டி.வி. போட்ட சத்தம் கேட்கவே இல்லை.

அன்வர் பாய் இருபது வருஷத்துக்கு கேரண்டி கொடுத்திருக்கிறார். தை மாசம் கலியபெருமாள் வந்து இருபதே நாளில் அது கெட்டுப்போக வேண்டுமே, சாமி!