செக்கர் பிடித்த கேஸ்

தெருவில் எல்லாரும் அவரைச் செக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை ஓய்ந்ததே தவிர புத்தி ஓயவில்லை. பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்திருக்கிறார் என்பார். சிரிக்காவிட்டால் நிச்சயம் கலந்திருக்கிறார் என்பார். அப்பேர்ப்பட்ட மனுஷனை நெஞ்சுவலிக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பை நிறைய மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினால் சும்மா இருப்பாரா?

மகனுக்கு வெளியூரில் வேலை. மாத்திரை கொடுக்கும் பொறுப்பு மருமகள் தலையில் விழுந்தது. முதல் நாளே செக்கர் கண்டுபிடித்துவிட்டார். வருஷக்கணக்காக அவர் சாப்பிட்ட மாத்திரை இளஞ்சிவப்பு. இவள் நீட்டியதோ வெள்ளை.

“இது என்னம்மா, கலர் மாறியிருக்கு?”

“ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்திருக்காங்க மாமா. பழசு இனிமே வேண்டாம்னுட்டாங்க.”

“யார் சொன்னா?”

“டாக்டர்தான். நீங்களும் பக்கத்துலதான இருந்தீங்க!”

இருந்தார்தான். ஆனால் டாக்டர் பேசியபோது, சக்கர நாற்காலி தள்ளிவந்த ஆள் இவர் செருப்பை எங்கே வைத்தான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டிக்கெட் எடுக்காதவன் எப்படி இருப்பான் என்பது அவருக்கு அத்துப்படி. கேட்டவுடன் பதில் வரும், முகத்தில் ஒரு சலனம் இருக்காது. மருமகளும் டக்கென்று பதில் சொன்னாளே, போதாதா? அதுவும் அவர் விழுங்கி முடிக்கும்வரை அவள் நகரவே இல்லை. ஒரு தரம் நாக்குக்கு அடியில் ஒதுக்கிப் பார்த்தார். “வாயைத் திறங்க மாமா” என்றுவிட்டாள். அன்றே அவருக்கு முடிவாகிவிட்டது. மறுத்துப் பேசினால் உஷாராகிவிடுவாள், கையும் களவுமாகப் பிடிக்க முடியாது. ஆகவே வெள்ளையை விழுங்கிவிட்டு, அவள் குளிக்கப் போனதும், பழைய சட்டைக்குள் ஒளித்துவைத்த அட்டையிலிருந்து இளஞ்சிவப்பு ஒன்றைப் பிதுக்கிப் போட்டுக்கொண்டார். உயிர் என்ன வெல்லமா, கரையட்டும் என்று விட?

நாலைந்து நாளில் எழுந்தால் கண் இருட்டியது. கைகால் சில்லிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் கழிவறைக்குப் போக முடிந்தது. வேறு யாராவது என்றால் பயந்திருப்பார்கள். செக்கருக்கோ ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பரம திருப்தி. ஆதாரம் கிடைத்துவிட்டதே! விஷத்தை முறிக்கச் சாயங்காலமும் ஓர் இளஞ்சிவப்பு போட்டார். மகனைப் போனில் கூப்பிட்டார்.

“உன் பொண்டாட்டி எனக்கு என்னமோ குடுக்குறாடா. என்னைத் தீர்த்துக்கட்டப் பாக்குறா.”

மகன் முதலில் நம்பவில்லை. இவர் விடுவாரா? கலர் மாறியது, வாயைத் திறக்கச் சொன்னது, கண் இருட்டியது எல்லாவற்றையும் அடுக்கினார். கடைசியில் மகன், “சனிக்கிழமை வர்றேன்பா. அவளை அவங்க அம்மா வீட்ல கொண்டுபோய் விட்டுடறேன்” என்றான். மறுநாள் மருமகளின் கண் வீங்கியிருந்தது. குற்றமுள்ள நெஞ்சு, தூங்கவில்லை என்று செக்கர் குறித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் வந்தாள். வீட்டுக்குப் போன வயசானவர்கள் மருந்தைச் சரியாகச் சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது அவள் வேலை. நாடி பிடித்தவள் முகம் மாறியது.

“ரொம்ப மெதுவா அடிக்குதே! வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையையும் கொண்டுவாங்க.”

இதற்காகத்தானே காத்திருந்தார்! சட்டையை உதறி இளஞ்சிவப்பு அட்டைகளை மேஜைமேல் போட்டார். “இதுதான் என் அசல் மாத்திரை, சிஸ்டர். இவ அதை மாத்திட்டா. இது இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன்.”

மருமகள் வெள்ளை அட்டையைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். நர்ஸ் இரண்டு அட்டைகளையும் திருப்பி, பெரிய பேருக்குக் கீழே இருந்த பொடி எழுத்தைக் காட்டினாள். “படிங்க ஐயா.”

படித்தார். இரண்டிலும் ஒரே மருந்தின் பேர்.

“கம்பெனிதான் வேற. மருந்து ஒண்ணேதான். இதயத் துடிப்பைக் குறைக்கிற மருந்து. ரெண்டையும் சேர்த்துப் போட்டா நின்னே போயிடும்! அந்தப் பொண்ணு குடுத்ததை மட்டும் சாப்பிட்டிருந்தா இன்னேரம் நடமாடியிருப்பீங்க.” அங்கேயே டாக்டருக்குப் போன் போட்டாள். உடனே கூட்டிவரச் சொன்னார்கள். பழைய அட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடிக்க வெளியே ஓடினாள்.

டிக்கெட்டில் அச்சடித்த பொடி எழுத்தை ஓடும் பஸ்ஸில் படித்த மனுஷன்! அவமானம் பிடுங்கித் தின்றது. மருமகளை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

“அம்மா, அவனுக்குப் போன் போடு. நானே சொல்லிடறேன்.”

காது மந்தம் என்பதால் அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தாள்.

“டேய், தப்பு என் பேர்லதான்டா. நான்தான் ரெண்டையும் சேர்த்து முழுங்கியிருக்கேன். இவ ஒண்ணும் பண்ணலை. நாளைக்கு அவளை எங்கயும் கூட்டிட்டுப் போகாதே.”

மறுமுனையில் மகன் தணிந்த குரலில் கேட்டான்.

“பக்கத்துல நின்னுக்கிட்டு அவதான் இப்படிச் சொல்லச் சொல்றாளாப்பா?”

அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள், அவர் விழுந்துவிடாமல் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு.